மோட்டார் சைக்கிள் வால்வு இடைவெளி

மோட்டார் சைக்கிள் வால்வு இடைவெளி என்பது, நான்கு வீச்சு இன்ஜினில் வால்வு முழுதாக மூடியிருக்கும்போது அதன் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் இடையே விடப்படும் மிகச் சிறிய இடம் ஆகும். பட்டறைகளில் இதை 'டேப்பெட் கிளியரன்ஸ்' என்றும், இதைச் சரிசெய்யும் வேலையை 'டேப்பெட் செட்டிங்' என்றும் சொல்வர். தமிழில் வால்வை 'அடைப்பிதழ்' என்றும் 'ஓரதர்' என்றும் பாடநூல்களில் எழுதினாலும் பேச்சு வழக்கில் வால்வு என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டருக்கும் 0.15 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும். அச்சுப்பொறியில் போடும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும். இவ்வளவு சிறிய இடம் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கூடவோ குறையவோ செய்யும். அதனால்தான் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அதை அளந்து பார்க்க வேண்டியுள்ளது.

இடைவெளி ஏன் தேவை

நான்கு வீச்சு இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற ஒரு வால்வும் உண்டு. முதலாவது உள்வால்வு, இரண்டாவது வெளிவால்வு. கேம் எனப்படும் முட்டை வடிவப் புடைப்பு சுழலும்போது ராக்கர் கையைத் தள்ளுகிறது. ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. புடைப்பு கடந்ததும் சுருள்வில் வால்வைத் திரும்ப இழுத்து, சிலிண்டர் ஹெட்டில் உள்ள இருக்கையில் அமர்த்துகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும்.

இன்ஜின் ஓடும்போது வால்வின் தலை கடுமையாகச் சூடாகிறது. வெளிவால்வின் தலை செந்தணல் நிறத்தை எட்டும் அளவுக்குப் போவதுண்டு. சூட்டில் உலோகம் நீளும் என்பது பள்ளிப் பாடம். தண்டு நீள்வதற்கு இடம் விடாவிட்டால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டிக்கொள்ளும்; வால்வு இருக்கையில் முழுதாக அமராது. அந்த நீட்சிக்காக முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் இடம்தான் வால்வு இடைவெளி. வெளிவால்வு அதிகம் சூடாவதால் பல வண்டிகளில் அதற்கு உள்வால்வைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி கொடுக்கப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு கொடுக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே எந்த வண்டிக்கு எந்த அளவு என்பதை அந்த வண்டியோடு வரும் உரிமையாளர் கையேட்டிலோ சர்வீஸ் கையேட்டிலோ பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இறுகுவதும் தளர்வதும்

இடைவெளி இரண்டு திசைகளிலும் மாறும். கேம், ராக்கரின் அடிப்பகுதி, சரிசெய்யும் திருகின் நுனி ஆகியவை தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வும் அதன் இருக்கையும் ஒன்றையொன்று அடித்து அடித்துத் தேய்ந்தால், வால்வு ஹெட்டுக்குள் மெல்ல அமிழும், தண்டின் நுனி ராக்கரை நோக்கி உயரும், இடைவெளி குறையும். ஒரே இன்ஜினில் இரண்டு தேய்மானமும் ஒரே நேரத்தில் நடப்பதால், எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே அளவு கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று தலைப்பகுதியில் தட்டும் ஓசை கேட்கும். வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து, சற்று முன்னதாகவே மூடுவதால் இழுவை குறையும். ராக்கர் ஒவ்வொரு முறையும் தண்டை அடித்துத் திறப்பதால் நுனிகள் விரைவில் தேயும். தொல்லைதான், ஆனால் காதில் விழும் தொல்லை.

இடைவெளி குறைந்தால் ஓசை எதுவும் வராது. வண்டி முன்னைவிட அமைதியாகவே ஓடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வால்வின் தலையில் சேரும் சூட்டில் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, அது இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடந்து போகிறது. இருக்கையில் சரியாக அமராத வெளிவால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க வழியில்லை. போதாததற்கு, எரியும் வாயு அந்த மெல்லிய விலகல் வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறி வால்வின் விளிம்பையே அரித்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'வால்வு எரிஞ்சு போச்சு' என்கிறார்கள். காலையில் கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் வண்டி எடுக்காதது, உதைக்கும்போது கிக்கரில் எதிர்ப்பு இல்லாமல் 'லூசாக' இறங்குவது, நின்ற நிலையில் வண்டி அணைந்துபோவது, ஏற்றத்தில் இழுக்காதது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த நிலைக்கு வந்த பிறகு திருகைத் திருப்பிப் பயனில்லை. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, இருக்கையைச் சீவி, புதிய வால்வு போட்டு, அரைத்து அமர்த்த வேண்டியிருக்கும்.

இரு வீச்சிலிருந்து நான்கு வீச்சுக்கு

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள சமயநல்லூரையும் அதைச் சுற்றியுள்ள பரவை, வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பகுதிகளையும் எடுத்துக்கொண்டால், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை டேப்பெட் என்ற பேச்சே எழாத வண்டிகள்தான் அங்கே மிகுதி. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த டி.வி.எஸ், 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. வெற்றிலைக் கட்டு, வாழைத்தார், பால் கேன், காய்கறி மூட்டை என எதை ஏற்றினாலும் சுமந்த அந்த வண்டி இரு வீச்சு இன்ஜின் கொண்டது. இரு வீச்சு இன்ஜினில் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். கேம் இல்லை, ராக்கர் இல்லை, தண்டு வால்வு இல்லை. யமஹா ஆர்.எக்ஸ் 100, ராஜ்தூத், யெஸ்டி ஆகியவையும் இதே இனம். ஆர்.எக்ஸ் 100-இல் உள்ள 'ரீடு வால்வு' மெல்லிய தகட்டாலான வேறு பொருள்; அதற்கு இடைவெளி வைக்கும் வேலை கிடையாது. அந்த வண்டிகளுக்குரிய பராமரிப்பு என்றால் ஆயில் கலந்து பெட்ரோல் போடுவதும், பிளக்கைத் துடைப்பதும், அடைத்துப்போன சைலன்சரிலிருந்து கரியை எடுப்பதும்தான்.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 நான்கு வீச்சு இன்ஜினைச் சாதாரண மக்களின் 100 சிசி வண்டிக்குக் கொண்டுவந்தது. 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் அதை ஊரெங்கும் பரப்பியது. மொபெட் ஓட்டியவர்களுக்கு அந்த மாற்றம் இன்னும் தாமதமாகவே வந்தது. 2015-இல் டி.வி.எஸ் எக்ஸ்.எல் 100 என்ற 99.7 சிசி நான்கு வீச்சு மொபெட் அறிமுகமானது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகள் கட்டாயமான பின், இரு வீச்சு வண்டிகள் புதிதாக வருவது நின்றுபோனது.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய எக்ஸ்.எல்லும் புதிய எக்ஸ்.எல்லும் ஒரே குடும்பச் சாயல்தான். அதனால் பலர் அதைப் பழைய வண்டியைப் போலவே நடத்துகின்றனர். 'ஓடுற வரைக்கும் ஓடட்டும், நின்னா பார்க்கலாம்' என்ற வழக்கம் இரு வீச்சு இன்ஜினில் ஓரளவு செல்லுபடியானது. நான்கு வீச்சில் அது செல்லாது. ஆயில் இப்போது பெட்ரோலோடு எரிந்து போவதில்லை, கிராங்க் பெட்டிக்குள் தங்கி கேமையும் ராக்கரையும் நனைக்கிறது. அதை மாற்ற வேண்டும். வால்வு இப்போது இருக்கிறது. அதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை

இதற்கு எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரே எண் இல்லை. இருந்தாலும் வண்டிகளை மூன்று நான்கு வகையாகப் பிரித்தால் வரம்புகள் தெளிவாகும்.

முதல் சர்வீஸ் எல்லா வகைக்கும் முக்கியமானது. இது பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். புதிய வால்வும் புதிய இருக்கையும் ஒன்றோடொன்று படியும் காலம் இது. வண்டியின் வாழ்நாளில் இடைவெளி மிக விரைவாக மாறுவது இந்த முதல் சில நூறு கிலோமீட்டர்களில்தான். இலவச சர்வீஸ்தானே என்று கழுவி ஆயில் மாற்றியதோடு வாங்கி வந்துவிட்டால், மிக அவசியமான ஒரு சோதனை விடுபட்டுப் போகும்.

அதன் பிறகு, திருகு வகைச் சரிசெய்தி கொண்ட 100 முதல் 150 சிசி வரையுள்ள காற்றால் குளிரும் வண்டிகளுக்கு 3,000 முதல் 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பது நெடுநாள் வழக்கம். சில புதிய வண்டிகளின் கையேடுகள் இதைவிட நீண்ட இடைவெளி கொடுக்கின்றன. கையேடு சொல்வதை மேல் வரம்பாகக் கொள்ளலாம். அதற்கு முன்னதாகப் பார்ப்பதில் நட்டமில்லை, தாண்டவிடுவதில்தான் நட்டம்.

தடிமன் கணக்கிட்ட சிறு வில்லைகளை வைத்து இடைவெளியை அமைக்கும் 'ஷிம்' வகை இன்ஜின்களில் நிலைமை வேறு. கேடிஎம் 390, கவாசாகி நிஞ்சா போன்ற இரட்டைக் கேம் வண்டிகள் இந்த இனம். வில்லை தானாகத் தளராது. தேய்மானமும் மெதுவாகவே நடக்கும். ஆகவே பல ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக விடலாம். நான்கு சிலிண்டர் யமஹா ஆர்1 போன்ற பெரிய வண்டிகளுக்கு 40,000 கிலோமீட்டர் அளவில் சோதனை சொல்லப்படுகிறது. டுகாட்டியின் மல்டிஸ்டிராடா வி4 வண்டியில் உள்ள கிரான்டூரிஸ்மோ இன்ஜினுக்கு 60,000 கிலோமீட்டர். இந்த எண்களைப் படித்துவிட்டு 'பெரிய வண்டிக்கே அவ்வளவு என்றால் என் வண்டிக்கு எதற்கு' என்று நினைப்பது தவறு. அந்த இன்ஜின்களின் உலோகம், ஆயிலின் அளவு, நீரால் குளிரும் அமைப்பு எல்லாமே வேறு. 100 சிசி வண்டியில் ஓடுவது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதிலும் கொஞ்சம் குறைந்துபோனால் முதலில் வறண்டு தேய்வது மேலே உள்ள கேமும் ராக்கரும்தான்.

கிலோமீட்டர் என்பதே ஒரு வசதிக்கான கணக்குதான். வால்வைத் தேய்ப்பது தூரம் அல்ல, திறந்து மூடும் எண்ணிக்கை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இன்ஜின் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 5,000 கிலோமீட்டர் போக 125 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஏறத்தாழ 1 கோடியே 87 லட்சம் முறை இருக்கையில் வந்து அமர்ந்திருக்கும். சிக்னலில் நின்றபடி ஒரு மணி நேரம் ஓடும் இன்ஜின் கிலோமீட்டர் மீட்டரில் ஒன்றும் காட்டாது. ஆனால் 1,400 சுற்றில் ஓடினாலும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வால்வும் 42,000 முறை திறந்து மூடியிருக்கும்.

சமயநல்லூரிலேயே இதற்கு ஓர் ஒப்பீடு உண்டு. அங்கே அமைக்கப்பட்ட 106 மெகாவாட் மின்நிலையம் பெரிய டீசல் இன்ஜின்களால் மின்சாரம் எடுக்கும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய இன்ஜின்களிலும் வால்வு உண்டு, இடைவெளி உண்டு, அதைப் பார்க்கும் வேலையும் உண்டு. அவற்றின் பராமரிப்பு அட்டவணை ஓடிய மணிக்கணக்கில் எழுதப்படுகிறது. ஓர் இடத்தில் நிற்கும் இன்ஜினுக்குக் கிலோமீட்டர் ஏது? டிராக்டரிலும் மணிக்கணக்குதான். மோட்டார் சைக்கிளில் மணி காட்டும் மீட்டர் இல்லாததால் கிலோமீட்டரை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவே. மோட்டோகிராஸ் போன்ற பந்தய வண்டிகளுக்கு மணிக்கணக்கிலேயே அட்டவணை போடுவதும் இதே காரணத்தால்தான்.

இதை உள்ளூர்ப் பயன்பாட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சமயநல்லூரிலிருந்து மதுரைக்குள் வேலைக்குப் போய்வருபவர் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் ஓட்டினால், ஆண்டுக்கு 300 நாளில் 7,500 கிலோமீட்டர் ஆகும். பெரும்பகுதி நான்குவழிச் சாலை, சீரான வேகம். அவர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது எட்டு மாதத்துக்கு ஒருமுறை, பார்த்தால் போதுமானது. பரவை மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றித் தெருத்தெருவாக நின்று நின்று விற்கும் ஒருவரின் மொபெட் அதே ஆண்டில் அதில் பாதித் தூரம்கூடப் போயிருக்காது. ஆனால் சுமை, முதல் கியர் போன்ற மெதுவேகம், காற்று படாத சூடு, நின்றபடி ஓடும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் அந்த இன்ஜின் பட்ட பாடு அதிகம். அவருக்கு 3,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்வதே நியாயம். கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு வரியில் சொல்லப்படுவது இதைத்தான். படிப்பவர்களில் பெரும்பாலோர் அது தங்களைக் குறிக்கிறது என்று நினைப்பதில்லை.

கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் உடனே பார்க்க வேண்டிய தருணங்களும் உண்டு: ஹெட்டைக் கழற்றி மாட்டிய பிறகு, டைமிங் செயின் மாற்றிய பிறகு, ஆயில் வற்றி இன்ஜின் சூடேறி நின்ற பிறகு, காலைத் தொடக்கம் திடீரெனக் கடினமாகும்போது.

எரிபொருளுக்கும் இதில் பங்கு உண்டு. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோலே விற்கப்படுகிறது. அதற்கு முன் பெட்ரோலில் கலந்திருந்த ஈயச் சேர்மம் வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. அக்காலத்து இன்ஜினை இன்றும் ஓட்டுபவர்கள் வெளிவால்வை அடிக்கடி பார்ப்பது நல்லது. வாயு எரிபொருளில் ஓடும் இன்ஜின்களிலும் திரவ பெட்ரோல் தரும் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கைக்குக் கிடைக்காததால் தேய்மானம் கூடுதலாக இருக்கும்.

குளிர்ந்த இன்ஜினும் மதுரை வெயிலும்

இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஹோண்டா வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளில் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ் என்று எண்ணாகவே எழுதியிருக்கும். மதுரையில் மே மாதப் பகலில் காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அப்படியானால் கோடையில் டேப்பெட் வைக்கவே முடியாதா?

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். வால்வுத் தண்டின் நீளம் 70 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதைச் சூழ்ந்துள்ள ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். ஓடி நின்ற இன்ஜின், குளிர்ந்த நிலையைவிட 60 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், 70 மில்லிமீட்டர் அலுமினியம் 0.10 மில்லிமீட்டர் அளவு நீண்டிருக்கும். அதே நீள எஃகு 0.05 மட்டுமே நீண்டிருக்கும். ஓட்டம் நின்றதும் வால்வு தன் தனிச்சூட்டை இழந்து ஹெட்டின் சூட்டுக்கே வந்துவிடுவதால், ராக்கரைத் தாங்கும் ஹெட் உயர்ந்தும் வால்வு தாழ்ந்தும் நிற்கும். எனவே, சூடான இன்ஜினில் அளக்கும்போது இடைவெளி உண்மையைவிட 0.05 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாகத் தெரியலாம். அப்போது அதை 0.05-க்குக் குறைத்து வைத்தால், ஆறிய பிறகு மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. சூட்டில் வைத்தால் தளர்ந்துபோகும் என்று பலர் நினைக்கின்றனர். இவ்வகை இன்ஜினில் நடப்பது நேர்மாறானது, வால்வு இறுகிவிடும்.

அதே கணக்கில், காற்றின் வெப்பம் 30 டிகிரியா 40 டிகிரியா என்ற பத்து டிகிரி வேறுபாடு 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையையே தரும். ஆகவே வெப்பமானி பிடித்துப் பார்ப்பதைவிட, வண்டி எத்தனை மணி நேரம் நிழலில் ஓடாமல் நின்றது என்பதுதான் பெரிது. இரவு முழுதும் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே பார்ப்பது சிறந்தது. பட்டறையில் என்றால் முதல்நாள் மாலையே வண்டியை விட்டுவர வேண்டும். காலையில் ஓட்டிக்கொண்டு போய், 'வெயிட் பண்றேன், முடிச்சுக் குடுங்க' என்று நிற்கும் வாடிக்கையாளருக்குச் சரியான டேப்பெட் வைத்துத் தர எந்த மெக்கானிக்காலும் முடியாது.

சரிபார்க்கும் முறை

திருகு வகை ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இது அரை மணி நேர வேலை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக் இல்லாவிட்டால் கிராங்க்கைக் கையால் எளிதாகச் சுற்றலாம். ஹெட்டின் மேலும் கீழும் (அல்லது முன்னும் பின்னும்) உள்ள இரண்டு டேப்பெட் மூடிகளையும், இடப்பக்க மேக்னெட் மூடியில் உள்ள இரண்டு சிறு மூடிகளையும் கழற்ற வேண்டும். மேக்னெட் மூடியின் நடுத்துளை வழியே ஸ்பானர் விட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கிராங்க்கைச் சுற்றினால், மேல் துளையில் ஃபிளைவீல் மீதுள்ள கோடுகள் தெரியும். 'டி' எழுத்துக்கு நேரான கோடு துளையின் குறியோடு பொருந்தும்போது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. பட்டறை மொழியில் 'டாப்'. அருகிலேயே உள்ள 'எஃப்' குறி தீப்பொறிக்கானது. அதில் நிறுத்திவிடக் கூடாது.

பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று, அமுக்க வீச்சின் முடிவு; இரண்டு வால்வும் மூடியிருக்கும். மற்றொன்று, புகை வெளியேறி முடியும் தருணம். இரண்டு வால்வும் சிறிதளவு திறந்திருக்கும். இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்துப் பார்த்து, இரண்டிலும் மெல்லிய ஆட்டம் இருந்தால் அது அமுக்க உச்சி. ஆட்டம் இல்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் தவறான உச்சியில் இடைவெளி வைத்தால், வால்வு மூடும்போது இடைவெளி பன்மடங்கு பெரிதாகி, வண்டி தையல் இயந்திரம் போலத் தட்டும்.

பிறகு ஃபீலர் கேஜின் உரிய தகட்டை ராக்கர் திருகுக்கும் தண்டு நுனிக்கும் நடுவே விட வேண்டும். மெல்லிய உராய்வோடு நுழைய வேண்டும். தளர்ந்தும் போகக் கூடாது, மடங்கவும் கூடாது. 'மெல்லிய உராய்வு' ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உரிய தகடு நுழைய வேண்டும், அதைவிட 0.02 அல்லது 0.03 தடிமன் கூடிய தகடு நுழையக் கூடாது என்ற இரட்டைச் சோதனை புதியவர்களுக்கு நம்பகமானது. அளவு மாறியிருந்தால் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைச் சற்றே திருப்ப வேண்டும். திருகின் புரி அரை மில்லிமீட்டர் எனில், ஒரு முழுச் சுற்றில் பத்தில் ஒரு பங்கு திருப்பினாலே 0.05 மில்லிமீட்டர் மாறிவிடும். நட்டை இறுக்கும்போது திருகு தானும் சேர்ந்து திரும்ப முயலும். அதனால் இறுக்கிய பின் மீண்டும் அளக்காமல் மூடியைப் போடக் கூடாது. கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி மறுபடி 'டாப்'பில் நிறுத்தி ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

பழைய வண்டிகளில் திருகின் நுனியில் சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு குழியின் விளிம்புகளின் மேல் பாலம் போலப் படுத்துக்கொள்வதால், தகடு சரியான அளவு காட்டினாலும் உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிதாகவே இருக்கும். தகட்டில் சரியாக இருந்தும் ஓசை போகவில்லை என்றால் திருகை மாற்றிப் பார்க்க வேண்டும். மேலும் இறுக்கக் கூடாது.

சரிசெய்வதற்கு முன் இருந்த அளவை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் மிகக் குறைவு. உண்மையில் அந்த எண்தான் இன்ஜினின் உடல்நிலையைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் 0.01 மாறினால் கவலையில்லை, அடுத்த சோதனையைச் சற்றுத் தள்ளியும் போடலாம். வெளிவால்வு 3,000 கிலோமீட்டரிலேயே 0.10-லிருந்து 0.04-க்கு வந்துவிட்டது என்றால் இருக்கை விரைவாகத் தேய்கிறது என்று பொருள். திருகைத் திருப்பிவிட்டால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் ஹெட் வேலை நெருங்கிவிட்டது.

காதால் வைக்கும் வழக்கம்

சாலையோரப் பட்டறைகள் பலவற்றில் ஃபீலர் கேஜ் இல்லாமலே டேப்பெட் வைக்கப்படுகிறது. ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தோ, இன்ஜினை ஓடவிட்டு ஓசையைக் கேட்டோ திருகை நிறுத்துகின்றனர். நீண்ட அனுபவமுள்ள கைக்கு 0.05-க்கும் 0.10-க்கும் வேறுபாடு தெரியும் என்பதை மறுக்க முடியாது. தொல்லை திறமையில் இல்லை, வாடிக்கையாளரின் புகாரில் இருக்கிறது. வண்டி தருபவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: 'டேப்பெட் சத்தம் வருது, எடுத்து விடுங்க.' சத்தம் போனால் வேலை முடிந்தது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சத்தத்தை முற்றிலும் போக்க எளிய வழி இடைவெளியை இல்லாமல் ஆக்குவதுதான். அப்படி அமைதியான வண்டி சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் வெளிவால்வு எரிந்து திரும்பி வரும்போது, முன்பு செய்த செட்டிங்கை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 'பெட்ரோல் சரியில்லை' என்றே பேச்சு முடியும்.

சரியான இடைவெளி கொண்ட சிறிய நான்கு வீச்சு இன்ஜின், குளிர்ந்த நிலையில் காது கொடுத்துக் கேட்டால் மெல்லத் தட்டத்தான் செய்யும். அந்த அளவு ஓசை குறையல்ல. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தகடுக் கட்டு ஒன்றை வண்டிக்காரரே வாங்கி வைத்துக்கொண்டு, 'இதால வைங்க' என்று கொடுப்பதில் தவறேதும் இல்லை.

புல்லட் என்னும் விதிவிலக்கு

1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட் மேலே சொன்ன விதிகளுக்குள் அடங்காது. அதில் கேம் கீழே இருக்கும். நீண்ட தள்ளுகோல்கள் மேலே உள்ள ராக்கரை உயர்த்தும். அதற்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி சுழியம். தள்ளுகோல் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, இதுவே அளவு. ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலையில்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும் சூடாகி உயரும்போது தேவையான இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது. புல்லட்டில் பழகிய கை ஸ்பிளெண்டருக்கும் அதே சுழியத்தை வைத்துவிடுவது உண்டு. அதன் விளைவு முன்பே சொன்னதுதான்.

2008-க்குப் பின் வந்த ராயல் என்ஃபீல்டின் யு.சி.இ. இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் வந்தது. அதில் பார்க்கவும் வைக்கவும் ஒன்றுமில்லை; ஆயிலை உரிய காலத்தில் மாற்றினால் போதும். தட்டும் ஓசை வந்தால் ஆயிலின் அளவையும் நிலையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் 2018-இல் வந்த 650 இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் கேம் மேலே ஏறி, மீண்டும் திருகு வகையே வந்துவிட்டது. 'என் வண்டி ராயல் என்ஃபீல்டு, டேப்பெட் வைக்கத் தேவையில்லை' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த ஆண்டு, எந்த இன்ஜின் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.